பதினைந்து வயது ரம்முக்கு யார் சாட்சி?

இன்னைக்கு எபிசோட் ஒரு ரம் பாட்டிலைப் பற்றியது. முதல்லயே சொல்லிடறேன், இது யாரையும் குடிக்கச் சொல்லும் எபிசோட் இல்லை. குடிக்காதவர்களும் தாராளமாகக் கேட்கலாம். இதில் கொஞ்சம் வேதியியல் இருக்கு, கொஞ்சம் கணக்கு இருக்கு, கிரிக்கெட் இருக்கு, நம்ம ஊர் சாமி ஒருத்தர்கூட வர்றார்.

பாட்டிலின் பெயர் எல் டொராடோ. தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கும் கயானா நாட்டில் தயாராவது. லேபிளில் பெரிதாக 15 என்ற எண். கலவையில் இருக்கும் மிக இளைய ரம்கூட பதினைந்து வருடம் மரப் பீப்பாயில் இருந்தது என்பது அதன் பொருள். பழைய கரீபியன் ரம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பலர் முதலில் வாங்கும் பாட்டில்களில் இதுவும் ஒன்று.

ஒரு பழைய ரம் நல்ல ரம்தானா என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறோம்? பெரும்பாலும் மூன்றை வைத்து. லேபிளில் உள்ள எண், கிளாஸில் தெரியும் கரும்பழுப்பு நிறம், தொண்டையில் எரியாமல் இறங்கும் மென்மை. இந்த மூன்றுமே நம்மை ஏமாற்றக்கூடியவை. ஏமாற்றுவதற்குக் கஷ்டமான நாலாவது சாட்சி ஒன்று இருக்கு: அந்த ரம்மை எந்த வடிகலனில் வடித்தார்கள் என்பது. அதைப் பிடிக்க நாக்கு மட்டும் போதாது, கொஞ்சம் வரலாறும் தெரியணும். இன்றைக்குப் பேசப்போவது அதைத்தான்.

கழிவில் பிறந்த சரக்கு

கயானா ஒரு தீவு இல்லை. ஆனால் அதன் வரலாறும் பண்பாடும் கரீபியனைச் சேர்ந்தவை. கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான கேரிகாமின் தலைமையகமே அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனில்தான் இருக்கு. எஸ்ஸெகிபோ, டெமராரா, பெர்பீஸ் என்று மூன்று ஆறுகள். அந்த ஆறுகளின் பெயரிலேயே டச்சுக்காரர்கள் மூன்று காலனிகளை வைத்திருந்தார்கள். 1814ல் அவை சட்டப்படி பிரிட்டன் கைக்குப் போயின. 1831ல் மூன்றையும் இணைத்து பிரிட்டிஷ் கயானா ஆக்கினார்கள். 1966ல் விடுதலை.

அங்கே எல்லாமே கரும்பு. கரும்புச்சாறைக் காய்ச்சினால் சர்க்கரை படிகமாகும். மிச்சம் நிற்கும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். 17ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் போன்ற தீவுகளில் இந்தக் கழிவுப்பாகில் தண்ணீர் கலந்து புளிக்கவைத்து வடிக்க ஆரம்பித்தார்கள். அப்படி வந்ததுதான் ரம். டெமராராவிலும் பெரிய தோட்டங்கள் சொந்தமாக ஒரு வடிசாலை வைத்திருந்தன. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிவதற்காகப் பீப்பாய் மேல் சில எழுத்துகளைப் பொறிப்பார்கள். லண்டனில் இருந்த தரகர்கள் அந்தக் குறியைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். இந்தக் குறியை மனசில் வச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

கரும்பை வெட்டியது யார்? முதலில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். 1823 ஆகஸ்டில் டெமராராவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அது தொடங்கிய 'சக்சஸ்' என்ற தோட்டம் ஜான் கிளாட்ஸ்டன் என்பவருடையது. பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? முதலாளிகளுக்கு. கிளாட்ஸ்டனுக்கு மட்டும் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பைசா கிடையாது.

அதே கிளாட்ஸ்டன்தான் அடுத்த ஏற்பாட்டையும் தொடங்கி வைத்தார். அவருடைய முயற்சியால் 1838 மே 5 அன்று 'விட்பி' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு பிரிட்டிஷ் கயானா வந்து சேர்ந்தது. அங்கிருந்து 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்கள் அங்கே கொண்டு போகப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்தவர்கள். 1840களின் நடுவிலிருந்து மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அந்தக் கப்பல்களில் வந்தவர்களுக்குக் கயானாவில் இன்றும் பெயர் 'மதராசி'.

மொழி போய்விட்டது, சாமி போகவில்லை. கயானாவில் மதராசி வழிபாடு என்றே ஒன்று இருக்கு. மாரியம்மா, காட்டேரி, முனீஸ்வரன், மதுரைவீரன் எல்லாரும் இருக்காங்க. மதுரைவீரன் அங்கே 'மத்ராவீரன்' ஆகிவிட்டார். இந்தச் சாமிகள் சிலருக்கான படையலில் என்ன வைக்கிறார்கள் தெரியுமா? ரம். இங்கே சாராயமும் சுருட்டும் வைப்பது போலத்தான்.

மரத்தில் செய்த வடிகலன்

இப்போ குறிக்கு வருவோம். பெர்பீஸ் பகுதியில் போர்ட் மொரான்ட் என்று ஒரு தோட்டம். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கலாம். ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன் மூன்று பேரும் அந்த ஊர்க்காரர்கள். சுனில் கவாஸ்கர் தன் மகனுக்கு ரோஹன் என்று பெயர் வைத்தது அந்தக் கன்ஹாயின் நினைவாகத்தான்.

அந்தத் தோட்டத்துப் பீப்பாய்க் குறி 'பி.எம்.'. அங்கே இருந்த வடிகலன் மரத்தாலானது. ஆமாம், மரம். கயானாக் காடுகளில் கிடைக்கும் கிரீன்ஹார்ட் என்ற கடினமான மரத்தின் பலகைகளைச் சேர்த்துச் செய்த இரண்டு பெரிய தொட்டிகள், மேலே செம்புக் கழுத்து. மரத்துக்குக் கீழே தீ மூட்ட முடியாது, அதனால் நீராவியை உள்ளே செலுத்திக் காய்ச்சுவார்கள். வழக்கமான வடிகலன் முழுக்கச் செம்பாக இருக்கும். செம்பு, ஆவியில் இருக்கும் கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்ளும், சரக்கு சுத்தமாக, லேசாக வரும். இங்கே செம்பு குறைவு. அதனால் கனமான, எண்ணெய்ப் பசையுள்ள ரம் வருகிறது.

இதுபோல இன்னும் இரண்டு மர வடிகலன்கள் உண்டு. வெர்சாய் தோட்டத்தின் ஒற்றைத் தொட்டி வடிகலன், குறி 'வி.எஸ்.ஜி.'. என்மோர் தோட்டத்தின் மரத்தாலான காஃபி வடிகலன், குறி 'ஈ.ஹெச்.பி.'. காஃபி என்றால் நாம் குடிக்கும் காபி இல்லை. 1830ல் தொடர்ச்சியாக வடிக்கும் கோபுர வடிவ வடிகலனுக்குக் காப்புரிமை வாங்கிய ஏனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரரின் பெயர் அது.

தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முடிவில் நாடு முழுக்க மிச்சமிருந்த பெரிய வடிசாலை டெமராரா ஆற்றங்கரையில் உள்ள டயமண்ட் மட்டும்தான். வடிகலன்களை மட்டும் யாரும் பழைய இரும்புக்குப் போடவில்லை. ஒரு தோட்டம் மூடினால் அடுத்த தோட்டத்துக்கு, அதுவும் மூடினால் அதற்கடுத்த தோட்டத்துக்கு என்று கழற்றி எடுத்துப் போய், கடைசியில் மூன்றையும் டயமண்டில் நிறுத்தினார்கள். காரணம், அந்தக் குறிகளின் ருசியைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் கப்பற்படை தன் மாலுமிகளுக்குத் தினமும் ஒரு அளவு ரம் கொடுத்து வந்தது. 1970 ஜூலை 31 அன்றுதான் அதை நிறுத்தியது. அந்தக் கலவையில் டெமராரா ரம்முக்கு முக்கியமான பங்கு உண்டு.

நம்ம துறைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், கம்பெனி கைமாறியும், ஆபீஸ் மாறியும், யாரும் தொடப் பயப்படும் பழைய கோடு ஒன்று சர்வரில் ஓடிக்கொண்டே இருக்குமே, அது மாதிரி. பலகைகள் தேயத் தேய மாற்றப்பட்டிருக்கின்றன. அமைப்பு மாறவில்லை.

எல் டொராடோ 15ல் இந்த மூன்று மர வடிகலன்களின் ரம்மும், டயமண்டின் உலோக வடிகலன் ரம்மும் கலந்திருக்கின்றன. அதாவது நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் கிளாஸ்.

மூக்கு, நாக்கு, பொறுமை

ருசி பார்ப்பது எப்படி? ஐஸ் வேண்டாம், கோலா வேண்டாம். வாய் குறுகிய சின்ன கிளாஸில் 20 மில்லி போதும். ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்க. முதலில் கிளம்பும் ஆல்கஹால் நெடி அடங்கும். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல் விளிம்புக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி மோந்து பாருங்க. வாய் திறந்திருந்தால் நெடி மூக்கைச் சுடாது.

புத்தகங்களில் போர்ட் மொரான்ட் வாசனைக்கு 'லிகரிஸ்' என்று எழுதியிருப்பார்கள். நமக்கு அது அதிமதுரம். தொண்டை கட்டினால் வாயில் போட்டு மெல்லுவோமே, அதே வாசனை. கூடவே சோம்பு, உலர்திராட்சை, அதற்குப் பின்னால் பாலிஷ் போட்ட பழைய மரப்பீரோவைத் திறந்த மாதிரி ஒன்று. என்மோர் வேறு மாதிரி. பென்சில் சீவும்போது வரும் தூள் வாசனை, உலர்ந்த மரம். வெர்சாய் இன்னும் முரட்டுத்தனமானது.

பிறகு ஒரு சின்ன மடக்கு. நாக்கு முழுக்கப் படியவிட்டு விழுங்குங்க. விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது, நிற்கும்போது மாறுகிறதா என்று கவனிங்க. இரண்டாவது மடக்குக்கு முன் நாலு சொட்டுத் தண்ணீர். சில வாசனைகள் அப்போதுதான் வெளியே வரும். நான் ஒவ்வொரு தடவையும் போனில் மூன்று வரி எழுதி வைப்பேன். மூக்கு, வாய், முடிவு. மறுநாள் அதைப் படிக்காமல் திரும்பச் சுவைத்துப் புதிதாக எழுதுவேன். இரண்டும் பொருந்தினால்தான் அந்தக் குறிப்பை நம்புவேன்.

எண்ணும் இனிப்பும்

இப்போ எண்ணைச் சோதிப்போம். பீப்பாயில் இருக்கும் சரக்கு வருடா வருடம் ஆவியாகிக் குறையும். இதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்துக் குளிரில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். கயானா வெயிலில் 6 சதவீதம், சில சமயம் அதற்கும் மேலே. 200 லிட்டர் பீப்பாய் என்று எடுத்துக்கொண்டால், பதினைந்து வருடம் கழித்து ஸ்காட்லாந்தில் சுமார் 148 லிட்டர் மிஞ்சும். 6 சதவீதக் கணக்கில் கயானாவில் 79 லிட்டர்தான். பாதிக்கும் கீழே. வெயிலில் மரத்தோடு நடக்கும் வினைகளும் வேகமானவை. ஓக் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் வரும், டானின் இறங்கும், காற்று பட்டு எஸ்டர்கள் உருவாகும்.

இதே டெமராரா ரம்மை இளசாகவே இங்கிலாந்துக்குக் கப்பலில் ஏற்றி அங்கே பழையதாக்கும் வழக்கமும் உண்டு. அது இருபது வருடம் ஆன பிறகும் வெளிறிய நிறத்தில், லேசாக இருக்கலாம். ஆக, 15 என்ற எண்ணை மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான். எங்கே 15 என்று கேட்கணும்.

நிறம்? டெமராரா ரம்மில் கேரமல் சேர்த்துக் கறுப்பாக்குவது பழைய வழக்கம். கறுப்பு என்பதால் பழசு என்று அர்த்தமில்லை.

மிச்சமிருப்பது மென்மை. இங்கேதான் பெரிய சண்டை. 2010களில் ஐரோப்பிய ரம் ஆர்வலர்கள் சிலர், நாம் பள்ளி லேபில் பார்த்த திரவமானியை, அதாவது ஹைட்ரோமீட்டரை, கையில் எடுத்தார்கள். தத்துவம் எளிமையானது. 40 சதவீத ஆல்கஹாலும் தண்ணீரும் மட்டும் இருந்தால் 20 டிகிரியில் அதன் அடர்த்தி 0.948. சர்க்கரை கலந்தால் அடர்த்தி ஏறும், கருவி ஆல்கஹாலைக் குறைவாகக் காட்டும். லேபிள் 40 என்று சொல்லி, கருவி 34 காட்டினால், லிட்டருக்குச் சுமார் 25 கிராம் சர்க்கரை என்று கணக்குப் போடலாம். பீப்பாயிலிருந்து இறங்கும் பொருட்களாலும் கொஞ்சம் வித்தியாசம் வரும், ஆனால் இவ்வளவு வராது. பின்லாந்தின் அரசு மதுக்கடையான ஆல்கோ, ரம்களின் சர்க்கரை அளவையே தன் பட்டியலில் போடுகிறது. உலகின் பல பிரபலமான பழைய ரம்கள் இந்தச் சோதனையில் மாட்டின. எல் டொராடோ வரிசையின் பழைய பாட்டில்களும் அதில் உண்டு. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் இனிப்பு சேர்த்தால் அதை ரம் என்று விற்கக் கூடாது என்று வரம்பு போட்டது.

இனிப்பு நாக்கை எவ்வளவு ஏமாற்றும் என்று பார்க்க ஆசைப்பட்டு, வீட்டில் ஒரு சின்னச் சோதனை வைத்தேன். ஒரே ரம், இரண்டு கிளாஸ், தலா 50 மில்லி. ஒன்றில் மட்டும் ஒன்றரை கிராம் சர்க்கரை. அதாவது லிட்டருக்கு 30 கிராம் கணக்கு. எது எது என்று சொல்லாமல் மூன்று நண்பர்களிடம் கொடுத்தேன். இரண்டு பேர் சர்க்கரை போட்டதைக் காட்டி "இதுதான்டா பழசு" என்றார்கள். மூன்றாவது ஆள் "ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்குடா ரெண்டு கிளாஸ்?" என்றான். மூன்று பேரை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது, தெரியும். ஆனால் அந்த ஒன்றரை கிராம் இரண்டு பேர் நாக்கில் பல வருடத்தைக் கூட்டிவிட்டது.

சர்க்கரை கலந்தால் பாவமா? இல்லை. பிடித்தால் குடிக்கலாம். சொல்லாமல் கலப்பதுதான் பிரச்சினை. பதினைந்து வருடக் காத்திருப்புக்கு என்று நினைத்து நாம் கொடுக்கும் காசில், ஒரு பங்கு சர்க்கரைக்குப் போகிறது.

ஈ.ஹெச்.பி. என்ற மூன்று எழுத்து

நாலாவது சாட்சியான குறிக்குத் திரும்புவோம். அது நாக்குக்கு மட்டும் உதவும் தகவல் இல்லை என்று எனக்குத் தோன்றியது, என்மோர் என்ற பெயரைத் தேடியபோதுதான்.

1948ல் அந்தப் பகுதித் தோட்டங்களில் கரும்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கரும்பை வெட்டிப் போட்டால் மட்டும் போதும் என்று இருந்த முறையை மாற்றி, வெட்டியவர்களே அதைச் சுமந்து போய்ப் படகில் ஏற்றவும் வேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். ஜூன் 16 அன்று என்மோர் தோட்டத்தில் காலனி போலீஸ் சுட்டது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். லல்லாபகீ கிஸ்ஸூன், பூரன், ராம்பரன், டூக்கி, ஹாரி. அவர்களின் இறுதி ஊர்வலத்தில் முன்னால் நடந்த இளம் பல் மருத்துவர் செட்டி ஜகன். 1918ல் போர்ட் மொரான்ட் தோட்டத்தில், ஒப்பந்தக் கூலிகளின் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானார். ஜூன் 16 இன்றும் கயானாவில் என்மோர் தியாகிகள் நாள்.

அந்தக் காலத்தில் காலனியின் பெரும்பாலான தோட்டங்கள் புக்கர் என்ற கம்பெனியிடம் இருந்தன. 'புக்கரின் கயானா' என்று கேலியாகச் சொல்லும் அளவுக்கு. இலக்கியத்துக்கான புக்கர் பரிசை 1969ல் தொடங்கியது இதே புக்கர்தான். 1972ல் பரிசு வாங்கிய ஜான் பெர்ஜர், இந்தப் பணம் கரீபியன் மக்களைச் சுரண்டியதில் வந்தது என்று மேடையிலேயே சொல்லி, அதில் பாதியை பிரிட்டனின் பிளாக் பேந்தர்களுக்குக் கொடுத்தார். 1976ல் கயானா அரசு புக்கரின் தோட்டங்களை நாட்டுடைமை ஆக்கியது.

இன்று 'என்மோர்' என்று லேபிளில் போட்டால் விலை கூடும். ஏலங்களில் போட்டி நடக்கும். விமர்சகர்கள் பென்சில் தூள், உலர்ந்த மரம் என்று எழுதுவார்கள். நானும் அதையேதான் எழுதினேன், அந்த வாசனை உண்மைதான். அந்த ஐந்து பேரின் வியர்வையை நான் மோந்து பிடித்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அது பொய். நாக்குக்கு வரலாறு தெரியாது. அதனால்தான் தீர்ப்பை நாக்கிடம் மட்டும் விட முடியவில்லை.

என் தீர்ப்பு

எல் டொராடோ 15க்கு என் மதிப்பெண் பத்துக்கு ஏழு. வாசனைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். அதிமதுரமும் மரமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக வருகின்றன. வாயில் இனிப்பு முந்திக்கொண்டு மரத்தின் காரத்தை மூடிவிடுகிறது, அங்கே குறைத்தேன். பழைய ரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளத் தொடங்க நல்ல இடம். மற்ற ரம்களை அளக்கும் அளவுகோலாக இதை வைக்க மாட்டேன்.

அளவுகோல் வேண்டுமென்றால் அதே கம்பெனி 2016ல் வெளியிட்ட 'ரேர் கலெக்‌ஷன்' இருக்கு. போர்ட் மொரான்ட் 1999, என்மோர் 1993, வெர்சாய் 2002. ஒரு பாட்டிலுக்கு ஒரு வடிகலன். பீப்பாயில் இருந்த பலத்திலேயே அடைத்தது. கலவையில் ஒன்றாகக் கேட்கும் குரல்களை இங்கே தனித்தனியாகக் கேட்கலாம். விலை நம்ம மாதிரி ஆட்களுக்கு இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு சின்ன சாம்பிளாகப் பிரித்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

யாராவது உங்கள் முன்னால் ஒரு பழைய ரம்மை வைத்தால் நாலு கேள்வி கேளுங்க. எத்தனை வருடம்? எந்த ஊர் வெயிலில்? என்ன சேர்த்தார்கள்? எந்த வடிகலன்? நாலுக்கும் லேபிளே பதில் சொன்னால் அது நேர்மையான பாட்டில். முதல் கேள்விக்கு மட்டும் பெரிய எழுத்தில் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு மௌனமாக இருந்தால், விலையைக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிங்க. நாலாவது கேள்விக்கு ஒரு தோட்டத்தின் பெயர் பதிலாகக் கிடைத்தால், அங்கே யார் கரும்பு வெட்டினார்கள் என்றும் ஒருமுறை தேடிப் பாருங்க. பி.எம். என்ற எழுத்தைப் பார்த்தால் கன்ஹாயும் ஜகனும் மத்ராவீரனும் ஞாபகத்துக்கு வரட்டும்.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. அளவோடு இருங்க, குடிச்சிட்டு வண்டி எடுக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.